அடுப்புக்கு மானியம் உண்டு, அடுக்களைக்கு?

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்பகுதியும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கோட்டுக்கு இருபுறமும் அடுக்களை ஒன்றுதான்: அதே தென்னை, அதே பனை, அதே ரப்பர்த் தோட்டம், அதே சிவப்பரிசிக் கஞ்சி. ஆனால் அந்த அடுக்களைக்கு உதவி செய்ய வந்த அரசுகள் இரண்டாகின. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, கேஸ் போன்ற புகையற்ற எரிபொருளில் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 என்றும் கேரளத்தில் ஏறத்தாழ 72 என்றும் சொல்கிறது. கல்வியிலும் சுகாதாரத்திலும் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலம் அடுப்பில் மட்டும் பின்னால் நிற்பது ஏன்? தமிழ்நாடு இலவசமாகக் கொடுத்தது, கேரளம் கொடுக்கவில்லை என்பது உடனே வரும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் பழைய அடுக்களைக்குள் இருக்கிறது. அடுக்களையை மாற்ற ஆகும் செலவு என்று அரசுகள் எழுதி வந்தது அடுப்பின் விலையை மட்டும்தான். கூரை, சுவர், புகைக்குழாயின் பராமரிப்பு, புறவிளையில் சும்மா கிடைக்கும் விறகு, அதைப் பொறுக்கி உலர்த்தும் பெண்ணின் உழைப்பு ஆகியவை எந்த மானியக் கணக்கிலும் ஏறவில்லை. திட்டங்கள் வென்றதும் தோற்றதும் அந்த எழுதாத கணக்கினால்தான் என்பது என் வாதம்.

பழைய அடுக்களையின் பொருளாதாரத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை என்ற கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை கழிக்கும். பத்து மரம் நிற்கும் சிறு விளையில் ஓலை, மட்டை, கொதும்பு, சிரட்டை, கதம்பல் என்று எரிக்க ஏதாவது ஒன்று எப்போதும் கிடக்கும். பனையேறிகளின் வீடுகளில் நிலைமை வேறு. அக்கானி என்னும் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்ச மணிக்கணக்கில் தீ எரிய வேண்டும். பருவ காலத்தில் சோற்றுக்கு ஆகும் விறகைவிடக் கருப்பட்டிக்கு ஆகும் விறகு அதிகம். மரம் ஏறுவது ஆண், சருகும் சுள்ளியும் சேர்த்துக் காய்ச்சி இறக்குவது பெண். ஏணிக்கும் கால் தளைக்கும்கூட ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரி வாங்கிய திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தக் காய்ச்சும் உழைப்பு கண்ணில் படவில்லை. வீட்டின் வடிவமும் குடியிருப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கவில்லை. நாடார்களுக்கு மாடி வீடு கட்டவும் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் 19ஆம் நூற்றாண்டில் தடை இருந்ததை அக்கால லண்டன் மிஷன் பாதிரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மிஷனின் முக்கியமான நிலையங்களில் பாறசாலையும் ஒன்று. தாழ்ந்த ஓலைக் கூரைக்கு அடியில் புகை சுழன்றதற்கு வறுமை மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அந்தப் புகைக்கு வேலையும் இருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் கருப்பட்டி இளகாமல் கிடந்தது. விதைக்கு எடுத்து வைத்ததில் வண்டு விழவில்லை. மழைக்காலத்தில் தேங்காயும் விறகும் காய்ந்தன. கூரை ஓலையும் கழிக்கோலும் கரி பிடித்து, செல்லரிக்காமல் கூடுதல் ஆண்டுகள் நின்றன. இதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. அந்தப் புகையைத்தான் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருந்த குழந்தைகளும் சுவாசித்தார்கள். விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதில் மருத்துவ உலகில் இன்று கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் ஒரு வீட்டிலிருந்து புகையை வெளியேற்றினால் புகை செய்துவந்த வேலைகளுக்கு வேறு வழி செய்ய வேண்டும், அந்த வழிக்குக் காசு ஆகும். சீர்திருத்தக்காரர்கள் கவனிக்கத் தவறியது இதை.

புகையில்லா அடுப்பு இந்தியாவில் கிராமக் கைத்தொழில் இயக்கத்தின் குழந்தை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா பொறுப்பேற்றிருந்த வார்தா மகன்வாடியில் மகன் அடுப்பு உருவானது. 1950களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.ராஜு குழாய் வைத்த அடுப்பை வடிவமைத்தார். கேரளத்தில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம். 1980களில் அவர்கள் உருவாக்கிப் பரப்பிய அடுப்புக்குப் பரிஷத் அடுப்பு என்றே பெயர் நிலைத்தது. ஏறக்குறைய அதே சமயம், 1983இல், மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அடுப்பின் விலையில் பாதியாவது மானியமாகக் கிடைத்தது. 1986இல் திருவனந்தபுரத்தில் அமைந்த அனெர்ட் நிறுவனம் கேரளத்தில் மரபுசாரா எரிசக்தித் திட்டங்களுக்குப் பொறுப்பேற்றது. 2002இல் தேசியத் திட்டம் மூடப்பட்டபோது நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேல் அடுப்பு கட்டியதாகக் கணக்கு இருந்தது. கட்டிய அடுப்புகளில் எத்தனை எரிகின்றன என்பது வேறு கேள்வி; மதிப்பீடு செய்யப் போனவர்கள் பல ஊர்களில் உடைந்த குழாயையும் பழைய மூன்று கல்லையும் பார்த்துத் திரும்பினார்கள்.

எல்லையோர வீடு ஒன்றில் அந்த அடுப்பைக் கட்ட என்னென்ன ஆகும் என்று வரிசையாக யோசித்தால் காரணம் விளங்கும். ஓலைக் கூரையைத் துளைத்துச் சுடும் குழாயை மேலே கொண்டுபோவது தீயோடு விளையாடும் காரியம். ஆகவே அடுக்களைப் பக்கமாவது ஓடு போட வேண்டும், அல்லது குழாயைச் சுவர் வழியாகத் திருப்ப வேண்டும். மண்சுவராக இருந்தால் அந்த இடம் மழையில் கரையும். தென்மேற்குப் பருவமழையான எடவப்பாதியும் வடகிழக்குப் பருவமழையான துலாமழையுமாக மழை இரண்டு முறை அடிக்கும் பகுதி இது. குழாயைச் சுற்றி ஒழுகினால் அடுப்பே நனைந்து போகும். பின்பு விறகு. மேம்பட்ட அடுப்பின் வாய் சிறியது, சின்னதாக வெட்டிய விறகுக்கு அமைத்தது. தென்னை மட்டையை நீளமாக வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுவதுதான் இங்கே பழக்கம். அதனால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே வேறு வேலை செய்ய முடியும். சிறிய வாய்க்கு மட்டையைத் துண்டு போட வேண்டும், அதற்கு வெட்டுக்கத்தியும் அரை மணி நேரமும் வேண்டும். குழாயில் படியும் கரியை அடிக்கடி தட்டி எடுக்காவிட்டால் புகை திரும்பவும் வீட்டுக்குள்ளேயே வரும். மானியத்தில் அடங்கியது அடுப்பும் குழாயும் மட்டும். ஓடு, சுவர்ப்பூச்சு, விறகு வெட்டும் நேரம், கரி தட்டும் வேலை எல்லாம் வீட்டுக்காரியின் தலையில்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. குற்றம் கணக்கில் இல்லை, கட்டிய விதத்தில்தான் என்பார்கள். உள்ளளவு ஒரு விரல் மாறினாலும் அடுப்பு இழுக்காது. பயிற்சி இல்லாத கொத்தனார் கட்டினால் எந்த வடிவமைப்பும் பாழ்தான். சரி. ஆனால் கட்டுவோருக்குக் கூலி எண்ணிக்கைக்கு வந்தது, ஆண்டு இலக்கும் எண்ணிக்கையில் இருந்தது. ஓராண்டு கழித்து வந்து குழாயைச் சரிசெய்யும் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கச் செலவுத் தலைப்பே இல்லாதபோது அவர் அடுத்த ஊரில் புதிய அடுப்பு கட்டத்தான் போவார். கட்டுமானக் குறையும் அந்தக் கணக்கின் விளைவுதான். சீனாவில் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அடுப்புத் திட்டம் பத்துக் கோடிக்கு மேல் வீடுகளுக்குப் போனது. அங்கே செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் வீட்டுக்காரர். அரசுப் பணம் ஆராய்ச்சி, பயிற்சி, தொழிலாளியை ஊரிலேயே நிலைநிறுத்துவது, சோதனை ஆகியவற்றுக்குத்தான் முக்கியமாகப் போனது. சப்சிடி குறைவாக இருந்த இடத்தில் அடுப்பு நிலைத்ததை நம் திட்டக்காரர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

பரிஷத்தின் இன்னொரு பொருள் இந்த வாதத்துக்கு மேலும் பொருந்தும்: சூடாறாப் பெட்டி. சிவப்பரிசி வேக நேரம் பிடிக்கும். சிறிது நேரம் கொதிக்கவிட்டுப் பானையை வெப்பம் போகாத பெட்டிக்குள் மூடி வைத்தால் மீதி வேக்காடு தானே ஆகும். இதற்குக் கூரையைத் துளைக்க வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம், விறகை மாற்ற வேண்டாம். கேரளத்தில் விறகிலிருந்து கேஸுக்கு மாறிய பிறகும் அந்தப் பெட்டியைக் கைவிடாத வீடுகள் உண்டு. வீட்டின் உடலைத் தொடாத மாற்றம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

கேஸ் இந்த நாட்டில் 1955இல் பம்பாயில் வந்தது. இண்டேன் சிலிண்டர் 1965இல் கல்கத்தாவில். எல்லையோர ஊர்களுக்கு அது பரவலாக வந்ததும் வளைகுடாப் பணம் வந்ததும் கிட்டத்தட்ட ஒரே காலம். இங்கே இரண்டாவது மறுப்பு எழும்: அடுக்களையை மாற்றியது மானியமும் இல்லை, பரிஷத்தும் இல்லை, துபாய்ப் பணம்தான் என்று. பணம் மாற்றியது உண்மை. நின்று சமைக்கும் கான்கிரீட் மேடை, சுவரில் டைல்ஸ், குழாய்த் தண்ணீர், சிங்க் என்று கேஸ் அடுப்பு தன்னோடு ஒரு புதிய அறையையே கொண்டுவந்தது. அடுப்பின் விலை அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு. ஆனால் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீட்டின் வரைபடத்தைப் பாருங்கள்: கிச்சன் என்று ஒன்று, அதன் பின்னால் ஒர்க் ஏரியா என்று ஒன்று. பின்னதில் விறகடுப்பு. சோறு வடிப்பது, குளிக்கத் தண்ணீர் சுட வைப்பது, மீன் பொரிப்பது அங்கே. முன்னது தேநீருக்கும் விருந்தாளி கண்ணுக்கும். பணம் இல்லாததால்தான் விறகடுப்பை வைத்திருந்தார்கள் என்றால், பணம் வந்தபின் அதற்குத் தனி அறை கட்டியிருக்க மாட்டார்கள். மட்டை மாதந்தோறும் விழுகிறது. அதை எரிக்காவிட்டால் கூலி கொடுத்து அப்புறப்படுத்த வேண்டும். கேரளத்தின் 72க்கு இது ஒரு பெரிய விளக்கம். தென்னையும் ரப்பரும் மண்டிய விளவங்கோட்டு வீடுகளிலும் இதே புறக்கட்டைக் காணலாம், தமிழ்நாட்டின் சராசரி அதை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் மானியமே வீணா? இல்லை. 2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்பையும் அடுப்பையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. டெபாசிட் பணம் இல்லாமல் வாசலிலேயே நின்றவர்கள் உள்ளே போனார்கள். 83க்கு அதில் பங்கு உண்டு. ஆனால் உள்ளே போனபின் சிலிண்டர் நிரப்ப வேண்டும். 2016 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டம் ஓர் இணைப்புக்கு 1,600 ரூபாய் கொடுத்தது. முதலில் அடுப்பும் முதல் சிலிண்டரும் கடனாகத்தான் வந்தன, அந்தக் கடன் பிறகு வரவேண்டிய மானியத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. அதாவது விறகு சும்மா கிடைக்கும் வீட்டில், சிலிண்டர் முழு விலைக்கு விற்கும் நாட்களில்தான் பழக்கம் மாற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் டெல்லியில் சிலிண்டர் விலை 853 ரூபாய். உஜ்வலாக்காரருக்கு 300 ரூபாய் திரும்பக் கிடைத்தது. விறகுக்குக் கூலி போடாத வீட்டில் மீதி 553 ரூபாயும் சுத்தச் செலவுதான். அந்த வீட்டுப் பெண்ணின் நேரத்துக்குச் சந்தையில் விலை வந்தபோது கணக்கு திரும்பியது. தொழிலுறுதித் திட்ட வேலைக்கோ நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடைக்கோ காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டியவள் மட்டை வெட்டிக்கொண்டிருக்க மாட்டாள். கேஸை அவள் தன் கூலியில் வாங்குவாள்.

இப்போது மானியம் கூரைக்கு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட் சூரியமின் அமைப்புக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தால் கேஸும் மிச்சம் என்பது கூடவே வரும் பேச்சு. குண்டு பல்புக்குப் பதில் எல்இடி கொடுத்த மின்வாரியத்தின் திட்டம் சுலபமாக நடந்தது, கழற்றி மாட்டினால் போதும் என்பதால். சோலார் பேனல் அப்படியல்ல. ஓட்டு வீட்டுக்கு இரும்புச் சட்டம் வேண்டும். நான்கு பக்கமும் தென்னை நிற்கும் வீட்டில் நிழல் விழும், மரத்தை வெட்டினால் தேங்காயும் போகும் விறகும் போகும். இண்டக்‌ஷனுக்குத் தனி வயரிங் வேண்டும், அடி தட்டையான பாத்திரம் வேண்டும். இவற்றில் எதற்கும் அந்த 78,000இல் தனி இடம் கிடையாது.

எனவே பஞ்சாயத்துகளிடம் கேட்க வேண்டியது கூடுதல் மானியம் அல்ல, மானியத்தை வேறு விதமாகப் பிரிப்பது. வீடற்றோருக்கான லைஃப் மிஷன் திட்ட வீட்டுக்குக் கேரள அரசு கொடுக்கும் 4 லட்சம் ரூபாயில், புறக்கட்டில் ஒழுங்கான புகைக்குழாயோடு ஒரு விறகடுப்புக்கும் அடுக்களையில் தனி வயரிங்குக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கட்டும். மூன்றாம் ஆண்டில் வந்து குழாயைத் தட்டிப் பார்க்கும் உள்ளூர்க் கொத்தனாருக்கும் வயர்மேனுக்கும் கூலித் தலைப்பு ஒன்று திறக்கட்டும். வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களும் கடைக்காரர் எழுதித் தரும் மதிப்பீட்டில் மானியத்தைக் கழிப்பதற்கு முன்னால் கூரை, சுவர், வயரிங், பாத்திரம் நான்கையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.