விலாங்கின் இரு வாழ்வும் அருவியாற்று நீரும்

"பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு" என்னும் பழமொழியைக் கொள்கையற்றோரை இகழவே நாம் பயன்படுத்தி வந்துள்ளோம். ஆயின் இம்மீனின் வாழ்க்கை வட்டத்தை ஆராயுமிடத்து, அது காட்டும் இருமுகம் வஞ்சகமன்று. கடலையும் நன்னீரையும் இணைத்தே வாழவேண்டிய அதன் வரலாறே என்பது புலனாகும்.

நன்னீர் விலாங்கு பிறப்பது ஆழ்கடலில். அதன் குடம்பி, இலைபோல் தட்டையாய், கண்ணாடிபோல் தெளிவாய் நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை அணுகுகையில் உருமாறி, முகத்துவாரம் வழியே ஆறு புகும். பல்லாண்டுகள் ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்தபின் வெள்ளப்பெருக்கோடு கடல் திரும்பி, ஒரேமுறை இனம்பெருக்கி மடியும். கருவுறுப்புகள் கடற்பயணத்திலேயே முழு முதிர்ச்சி பெறுவதால், நன்னீரில் சினைவிலாங்கைக் காண்பதரிது.

இதனாலேயே அரிஸ்டோட்டில் விலாங்கு சேற்றிலிருந்து தோன்றுவதாகக் கருதினார். இத்தாலியரான கிராசி அதன் குடம்பியை இனங்கண்டது 1896இல். டென்மார்க்கின் சிமித், ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் சார்காசோக் கடலென 1922இல் நிறுவினார். ஜப்பானிய விலாங்கின் முட்டைகள் கடலில் முதன்முறை கிடைத்தது 2009இலேயே. ஆற்றறிவும் கடலறிவும் பிரிந்துகிடந்தவரை இவ்வுண்மை முழுமையாக வெளிப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

நானாட்டான் பகுதியில் இப்பிரிவினைக்குச் சமூக வடிவமும் உண்டு. ஒருபுறம் கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் நெல்வயல். மறுபுறம் வங்காலைக் கரையின் மீன்வாடி. அநுராதபுரம் கடந்து வரும் மல்வத்து ஓயா, இங்கு அருவியாறாகி மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. தேக்கம் அணைக்கட்டு அதன் நீரைக் குளத்துக்குத் திருப்புகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஆட்சி இக்குளத்தைத் திருத்தியமைத்தபோது அதன் நோக்கு நெற்செய்கையே. நீரை ஏக்கர்-அடியிற் கணக்கிடும் நிருவாக மரபில், கடலைச் சேரும் நீர் வீணாகும் நீராகவே கொள்ளப்பட்டது.

இக்கருத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். சிறு விலாங்கு ஈரக்கல்லில் ஊர்ந்தேறவல்லது. வறண்ட ஆற்றில் அது ஏறுமாறில்லை. முதிர்ந்த விலாங்குக்கும் கடல்வரை நீர் தேவை. உழவரின் நீருரிமையை மறுப்பது நம் கருத்தன்று. அந்நீரைப் பங்கிடும் அவையில் கடற்றொழிலாளருக்கும் இடமிருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஒரே ஆற்றைச் சார்ந்த இரு உழைக்கும் மக்கட்பிரிவினரும் ஒருங்கே முடிவெடுக்கும்போதுதான் விலாங்கின் வழியும் திறந்திருக்கும்.