செவிலியர் ஆய்வில் ஆய்வுச் சிக்கலும் முன்னாய்வு மீளாய்வும்

செவிலியர் ஆய்வில் ஆய்வுச் சிக்கல் என்பது நோயாளியைப் பராமரிக்கும் பணியில் எழும் ஒரு கேள்வி. இதுவரை தெரிந்ததைக் கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் தரவு திரட்டினால் சொல்லிவிட முடியும். முன்னாய்வு மீளாய்வு என்பது அந்தக் கேள்வியைப் பற்றி முன்பே வெளிவந்த ஆய்வுகளைத் தேடியெடுத்து, தரம் பார்த்து, ஒன்றோடொன்று வைத்து எழுதுவது. பாடநூல்கள் இவற்றை முதல் படி, இரண்டாம் படி என்று அடுக்குகின்றன. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கின்றன. படிக்கப் படிக்கக் கேள்வி மாறும். கேள்வி மாறினால் படிக்க வேண்டியதும் மாறும்.

செவிலியர் ஆய்வுக்கு வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. கிரிமியப் போர்க்காலத்தில் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், வீரர்கள் காயத்தைவிடத் தொற்றுநோயாலேயே அதிகம் இறந்தார்கள் என்பதை 1858இல் எண்களோடும் வரைபடங்களோடும் காட்டினார். ஆனாலும் செவிலியர் ஆய்வுக்கென்றே ‘நர்சிங் ரிசர்ச்’ என்ற இதழ் அமெரிக்காவில் தொடங்க 1952 வரை ஆனது. இந்தியாவில் வேலூரிலும் டெல்லியிலும் 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்று பி.எஸ்சி. மாணவர் குழுவாக ஒரு ஆய்வையும், எம்.எஸ்சி. மாணவர் தனியாக ஓர் ஆய்வேட்டையும் முடித்தாக வேண்டும்.

நல்ல சிக்கல் பெரும்பாலும் வார்டில்தான் கிடைக்கிறது. கையில் குத்திவைக்கும் ஊசிக்குழாயை எடுத்துக்கொள்ளலாம். வணிகப் பெயரால் வென்ஃப்ளான் என்றே வார்டில் இதைச் சொல்வார்கள். குழாய் உள்ளே இருக்கும்போது, குத்திய இடம் சிவந்து, வலித்து, நாளம் தடித்துக் கையில் தட்டுப்படும் நாள அழற்சி வரலாம். அதைத் தடுக்க 72 முதல் 96 மணி நேரத்துக்குள் குழாயைக் கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும் என்பது பல நாடுகளில் நெடுங்காலம் விதியாக இருந்தது. நாளமே கிடைக்காத ஒரு முதியவருக்கு இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்த்துப் போட்ட குழாயில் மருந்து நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். சிவப்போ வீக்கமோ இருக்காது. நேரக் கணக்கு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதைக் கழற்றி மறுபடி குத்த வேண்டியிருக்கும். அப்போது செவிலியர் மனத்தில் எழும் ‘இது தேவைதானா?’ என்ற கேள்வியில்தான் ஆய்வு தொடங்குகிறது.

ஆனால் இது இன்னும் ஆய்வுச் சிக்கல் ஆகவில்லை. ‘ஊசிக்குழாய் பராமரிப்பு’ என்பது தலைப்பு மட்டுமே. ஒரு வாழ்நாள் முழுக்க அதில் ஆய்வு செய்யலாம். கேள்வியைக் குறுக்க 1995இல் முன்வைக்கப்பட்ட ‘பைக்கோ’ சட்டகம் உதவுகிறது: யாருக்கு, எதைச் செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம். இந்த நான்கையும் நிரப்பினால் கேள்வி இப்படி அமையும்: நான்கு நாளுக்கு மேல் ஊசிக்குழாய் தேவைப்படும் வயது வந்த நோயாளிகளில், அறிகுறி தோன்றும்போது மட்டும் குழாயை மாற்றினால், மூன்று நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவதோடு ஒப்பிடும்போது நாள அழற்சி கூடுமா? இதில் மாற்றும் முறை சாரா மாறி, அதாவது ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது. நாள அழற்சி சார்ந்த மாறி, அதாவது அதனால் மாறுகிறதா என்று அளப்பது. இரண்டுக்கும் இடையே எதிர்பார்க்கும் தொடர்பை முன்கூட்டியே எழுதிவைப்பது கருதுகோள். நோயாளியின் அனுபவத்தை ஆராயும் பண்புசார் ஆய்வுகளுக்கு ஒப்பீடும் கருதுகோளும் வேண்டியதில்லை. யாருடைய எந்த அனுபவம், எந்தச் சூழலில் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

ஒரு மாறியை எப்படி அளப்பது என்று சொல்லும் செயல்முறை வரையறைதான் மாணவர்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம். நாள அழற்சி என்றால் என்ன? சிவப்பு மட்டும் இருந்தால் போதுமா, வலியும் சேர்ந்து இருக்க வேண்டுமா? ஒரு அறிகுறி போதும் என்றால் விகிதம் ஏறும். இரண்டு வேண்டும் என்றால் இறங்கும். 0 முதல் 5 வரை மதிப்பெண் தரும் அளவுகோல்களும் இதற்கு உண்டு. எதை எடுக்கிறோம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால், பின்னால் முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட வழியில்லாமல் போகும்.

இந்தியச் செவிலியர் கல்லூரிகளில் ஆய்வேடுகளுக்கு ஒரு அச்சு உருவாகிவிட்டது: தேர்ந்தெடுத்த மருத்துவமனையில், தேர்ந்தெடுத்த குழுவினரிடையே, ஏதோ ஒன்றைப் பற்றிய அறிவை வளர்ப்பதில் திட்டமிட்ட கற்பித்தலின் பயன். பாடம் நடத்துவதற்கு முன் ஒரு வினாத்தாள், பின் அதே வினாத்தாள், ஒரே குழு. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பது ஆய்வு இல்லாமலே தெரியும். கை கழுவும் முறையைப் பற்றி 20க்கு 18 வாங்கியவர் அடுத்த நோயாளியைத் தொடும் முன் கை கழுவினாரா என்பதற்கு அந்த வினாத்தாளில் பதில் இல்லை. காலமும் பணமும் குறைவு, கைடு கேட்கும் தேதிக்குள் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி உண்மைதான். ஆனால் அதே வார்டில் ஒருவர் உட்கார்ந்து கை கழுவுவதை எண்ணினால், அதே காலத்துக்குள் பயனுள்ள சிக்கல் ஒன்று கிடைக்கும். செய்ய முடியுமா, புதிதாக ஏதேனும் தருமா, நெறிமுறைக் குழு ஏற்குமா, நோயாளிக்குப் பயன் உண்டா என்ற நான்கையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

தேடலுக்குக் கருவிகள் பல. செவிலியர் இதழ்களுக்கான ‘சினால்’ அட்டவணை 1961இல் அச்சு நூலாக வெளிவரத் தொடங்கியது; இன்று அது கட்டணத் தரவுத்தளம். ‘பப்மெட்’ 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, ஒரே கேள்வியைப் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுத்த முறைசார் மீளாய்வுகளை வெளியிடுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’வில் பார்க்கலாம். வார்டில் வழங்கும் ஒரே பெயரை மட்டும் தேடினால் பாதி ஆய்வுகள் தப்பிவிடும்: ஊசிக்குழாய்க்கு ‘கேனுலா’, ‘கெத்தீட்டர்’ என்ற பெயர்களும், தரவுத்தளம் தானே சூட்டிய பொருட்சொல்லும் உண்டு. ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஆர்’ கொண்டும், கேள்வியின் வெவ்வேறு பகுதிகளை ‘ஆண்ட்’ கொண்டும் இணைக்க வேண்டும். எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்த நாளில் தேடி எத்தனை கிடைத்தன என்பதை எழுதிவைக்க வேண்டும்.

கிடைத்தவற்றில் முதன்மை மூலத்துக்கே முதலிடம். ஆய்வு செய்தவரே எழுதிய அறிக்கை அது. பாடநூலிலும் பிறர் கட்டுரையிலும் உள்ள சுருக்கங்கள் வழிகாட்டவே உதவும். எழுதும்போது ஒருவர் இதைக் கண்டார், மற்றவர் அதைக் கண்டார் என்று பத்திக்கு ஒரு ஆய்வாக அடுக்குவது மீளாய்வு ஆகாது. ஆய்வு நடந்த இடம், மாதிரி அளவு, முறை, வரையறை, முடிவு என்று ஓர் அட்டவணையில் பதிந்தால் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, எதை யாருமே பார்க்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் புதிய ஆய்வுக்கு இடம் இருக்கிறது.

ஊசிக்குழாய்க் கேள்வியின் வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. ஜோன் வெப்ஸ்டர் குழுவினர் 2010இல் வெளியிட்ட காக்ரேன் மீளாய்வில், நேரக் கணக்கு வைத்து மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் தென்படவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் செவிலியர் ஆய்வாளர் கிளேர் ரிக்கார்ட் தலைமையில் 3,283 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2012இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இரு குழுக்களிலும் நாள அழற்சி 7 சதவீதமே. பல இடங்களில் வழிகாட்டு நெறிகள் மாறின. ஆனால் அந்தச் சோதனை முதன்மை விளைவாக வைத்தது நாள அழற்சியைத்தான். குழாய் வழியே வரும் ரத்தத் தொற்று மிக அரிது; சில ஆயிரம் நோயாளிகளில் அது கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாது. ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிக்குழாய்களின் பதிவுகளைப் பார்த்து 2021இல் வெளியான ஆய்வு, அறிகுறி வரும்போது மட்டும் மாற்றிய காலத்தில் ரத்தத் தொற்று கூடியிருந்ததைக் காட்டியது. இது பதிவுகளை நோக்கும் ஆய்வு என்பதால் குயின்ஸ்லாந்து சோதனையின் முடிவை அது பொய்யாக்கிவிடாது. இரண்டும் கேட்ட கேள்விகளே வேறு. 2012 வரை மட்டும் படித்தவருக்கு முடிந்துபோனதாகத் தெரியும் சிக்கல், 2021 வரை படித்தவருக்குத் திறந்தே இருக்கிறது.

இதனால்தான் முறைசார் மீளாய்வுகளை அறிக்கையிடுவதற்கான ‘பிரிஸ்மா’ நெறிகள் (2009, திருத்தம் 2020) கடைசியாகத் தேடிய நாளைக் குறிப்பிடச் சொல்கின்றன. மாணவர் ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும். சினாப்சிஸ் எழுதியபோது தேடிய அதே சொற்களைக் கொண்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மறுபடி ஒருமுறை தேட வேண்டும். புதிய ஆய்வு ஏதேனும் தென்பட்டால், தன் முடிவோடு அது ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும், விவாதப் பகுதியில் அதைச் சேர்க்க வேண்டும்.