வன்னிக்குப் போகுமுன் யாரைக் கேட்டார்கள்?

1820களில் பேராதனைக்கு அக்கரையிலுள்ள கன்னொறுவையில் ஆளுநர் பார்ன்ஸ் கோப்பி பயிரிட்டார். கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்துக் கிராமத்தவர் விசாரித்தது கங்காணியிடம். முன்பணம் நீட்டி ஆள் பிடிப்பவர் வேறென்ன சொல்வார்! மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தபோதே உண்மை புரிந்தது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பின்னாளில் அதே வடதிசைக்குத் திரும்பினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எழுபதுகளில் தோட்டங்களிற் பட்டினி, 1977இல் கலவரம். லயத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

இம்முறை யோசனை கேட்கக் கங்காணி இல்லை. முந்திப்போன மாமனோ சித்தப்பாவோ சொல்லியனுப்பிய சேதிதான். கிணறு எத்தனை முழத்தில் ஊறும்? காய்ச்சல் உண்டா? கொழுந்து பறித்த கை மண்வெட்டி பிடிக்குமா? காணிக்கு உத்தரவுப்பத்திரம் தருவார்களா? கடைசிக் கேள்விதான் கடினமானது; குடியுரிமையற்றவருக்கு அது எளிதிற் கிட்டாது. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் இயக்கம் இவர்களைக் குடியமர்த்தி, பாலர் பள்ளிகளும் வைத்தது. கேட்டால் பதில் சொல்லும் இடம் அதுவொன்றே என்பேன்.

மண்ணையும் நீரையும் அறிந்த மாமனுக்கு, இது இரு இனங்களும் உரிமை கோரும் எல்லை என்று யார் சொல்லியிருப்பார்? 1983 ஏப்ரலில் காந்தியத் தலைவர்கள் கைதாயினர். ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். 1984இல் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.