கல் தேடியவர்களின் ஓய்வுப்பொழுது

கொங்கு நாட்டின் பாறைகளில் புதைபடிவம் ஏறக்குறைய இல்லை. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அடித்தளமான நைஸ், சார்னோக்கைட் பாறைகளில் பெரும்பகுதி 250 கோடி ஆண்டு அளவுக்கு முந்தியது. பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. சிப்பியும் எலும்பும் உள்ள உயிர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இறுகிவிட்ட தரை இது. கிழக்கே அரியலூர் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் ஓடைக்கரையிலேயே உதிர்ந்து கிடக்கும்.

ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் புதைபடிவம் தேடி அலைந்தவர்களில் சிலருடைய தடம் கொங்குப் பகுதியில் அழுத்தமாகவே பதிந்திருக்கிறது. அந்தத் தடம் அவர்களுடைய பிற ஆர்வங்களின் வழியே வந்தது. படிவம் தேடியவர்கள் அதை மட்டும் தேடி நின்றவர்கள் அல்லர். மணிக்கல், கற்கருவி, பழங்காசு, பறவை, நத்தை, மொழி என ஓய்வுநேரத்தை நிறைத்துக்கொண்டார்கள். அந்த உபதொழில்கள் சில இடங்களில் முதன்மைத் தொழிலையும் மிஞ்சி நின்றன.

இவர்களில் காலத்தால் முந்தியவர் தாமஸ் ஜான் நியூபோல்டு. சென்னைப் படையில் அதிகாரி. படைப்பணி போக மீந்த நேரத்தில் அவர் தொடாத துறை குறைவு. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களைப் பற்றி 1839-இல் இரண்டு தொகுதி நூல் வெளியிட்டார். தென்னிந்தியப் புவியியல் முழுவதையும் தொகுத்து நீண்ட கட்டுரைத் தொடர் எழுதினார். எகிப்தின் ஜிப்சி மக்களைப் பற்றி அவர் எழுதியது இறந்த பிறகு அச்சேறியது. 1840-களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் விலங்கெலும்புப் படிவங்களைக் கண்டு எழுதியவரும் அவரே.

கொங்குக்கு அவர் விட்டுச்சென்றது படியூர்க் குறிப்பு. காங்கேயம் அருகே உள்ள படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சை மணிக்கல் கிடைக்கும் சுரங்கம் ஒன்று இருந்தது. 1819-20-ஆம் ஆண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டி நல்ல வருவாய் கண்டார். பிறகு சுரங்கம் கைவிடப்பட்டது. நியூபோல்டு அந்தச் சுரங்கத்தைப் பற்றியும், மணிக்கல் எந்தப் பாறையின் நடுவே எப்படி அமைந்திருக்கிறது என்பது பற்றியும் 1840-இல் கட்டுரை வெளியிட்டார். பெரில் தானாக எங்கும் விளைவதில்லை. உருகிய பாறைக் குழம்பின் கடைசி எச்சம் வெடிப்புகளில் புகுந்து மெல்ல ஆறும்போது பெரும் படிகங்கள் வளர்கின்றன. பெக்மடைட் எனப்படும் அந்த நரம்புகளில் பெரிலியம் சேர்ந்திருந்தால்தான் இந்தக் கல் உருவாகும். ஒரு படை அதிகாரி தன் சொந்த ஆர்வத்தில் எழுதிய இந்தக் குறிப்பு, இன்றும் கொங்கு மணித்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் தேடிப் படிக்கும் ஆவணம். அவர் 1850-இல் மகாபலேசுவரத்தில் இறந்தார்.

நியூபோல்டு விட்ட இடத்தைப் பல வகையில் தொடர்ந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1834-இல் பிறந்த இவர், 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து 1891 வரை பணிபுரிந்தார். சம்பளம் வாங்கியது பாறைகளை வரைபடத்தில் குறிப்பதற்கு. திருச்சி, சேலம், தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் புவியியலை வில்லியம் கிங்குடன் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864-இல் வெளியானது. சேலத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புத்தாதுப் படுகைகள் அதில் விரிவாக இடம்பெற்றன. புதைபடிவத்திலும் அவருக்குப் பங்குண்டு. பெல்காம் பக்கம் கோகாக் அருகே கண்டெடுத்த எலும்புகளைக் கொண்டு, அழிந்துபோன காண்டாமிருக இனம் ஒன்றை 1874-இல் அறிவித்தார். நியூபோல்டு கண்ட பில்லசுர்கம் குகைகளை 1880-களில் மீண்டும் அகழ்ந்தவரும் ஃபூட்தான். படைத்துறையில் இருந்த மகனும் அதில் உடன் உழைத்தார்.

ஆனால் ஃபூட்டின் பெயர் நிலைத்தது பணிக்கு வெளியே செய்த வேலையால். 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றை அவர் எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. அதே ஆண்டு செப்டம்பரில் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனபோது இன்னும் நிறையக் கிடைத்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1859-இல், பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் இவான்ஸும் லண்டன் அறிஞர்கள் முன் நிறுவியிருந்தார்கள்.

அந்த இருவரும் தொழிலால் அறிஞர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரெஸ்ட்விச் அப்போது திராட்சைமது வணிகர். இவான்ஸ் காகித ஆலை நடத்தியவர், பழங்காசுச் சேகரிப்பில் பெரும்புலி. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் ஆதிப்பறவையின் படிவம் லண்டனுக்கு வந்தபோது, அந்தக் கற்பலகையில் பற்கள் உள்ள தாடை இருப்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர். காசில் தேய்ந்த எழுத்தைப் பார்த்துப் பழகிய கண், கல்லில் மங்கிய பல்லையும் கண்டது என்று கருத இடமுண்டு.

ஃபூட்டின் கள ஆய்வு பெரும்பாலும் மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் நடக்கும். வெயில் ஏறியதும் தலைமையிடம் திரும்பி அறிக்கை எழுத வேண்டும். கூடாரம் அடித்து ஊர் ஊராக நகர்ந்த அந்த மாதங்களில், வழியில் கண்ட கருவிகளையும் ஓடுகளையும் ஃபூட் எடுத்துச் சேர்த்தார். வெறுமனே பொறுக்கி வைக்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பாறையால் ஆனது என்று எழுதிவைத்தார். புவியியலாளரின் பழக்கம் தொல்லியலுக்குத் தந்த பெரும் கொடை இதுதான். இடக்குறிப்பு இல்லாத கருவி அழகுப் பொருள். இடக்குறிப்பு இருந்தால் அது சான்று.

இந்தப் பழக்கத்தால் அவருக்குப் புலப்பட்ட ஒன்று கொங்குக்கு நேரடியாகப் பொருந்தும். பழைய கற்கால மக்கள் கருவிக்குக் குவார்ட்சைட் என்னும் கடினக் கல்லை நாடினார்கள். சென்னைக்கு வடக்கிலும் கடப்பைப் பகுதியிலும் அது தாராளமாகக் கிடைத்தது. கருவிகளும் அங்கேயே மிகுந்தன. சேலம், கோவைப் பக்கம் அந்தக் கல் அரிது, அந்தக் காலக் கருவியும் அரிது. மாறாக, புதிய கற்காலத்தார் விரும்பிய கருங்கல் வகை, பழம்பாறையின் வெடிப்புகளை நிரப்பி நீண்ட சுவர்போல ஓடும் டோலரைட், கொங்கில் ஏராளம். அதை உடைத்து, கொத்தி, தேய்த்து, மெருகேற்றிச் செய்த கற்கோடரிகள் சேர்வராயன் மலையில் மிகுதியாகக் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைக் கண்டெடுத்துச் சிறு கோயில்களில் பிள்ளையார் முன் வைத்துப் போற்றினர். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கற்கள் இடியோடு வானிலிருந்து விழுந்தவை என்ற நம்பிக்கையும் இருந்தது. அறிஞர்கள் வருமுன்பே இந்தக் கற்கள் தனித்தன்மை வாய்ந்தவை என்று கண்டு பாதுகாத்தவர்கள் அந்த மக்கள். கொங்கின் முதல் தொல்பொருள் காப்பாளர்கள் என்று அவர்களைச் சொல்வது மிகையாகாது.

சேர்வராயன் மலையோடு ஃபூட்டுக்குக் குடும்பத் தொடர்பும் உண்டு. அவருடைய முதல் மனைவியின் தந்தை பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். இறுதிக்காலத்தை ஏற்காட்டில் கழித்து 1882-இல் இறந்தார். மாமனார் வாய்மொழியைச் சேகரித்தார், மருமகன் கற்களைச் சேகரித்தார். ஃபூட் நீர்வண்ண ஓவியமும் தீட்டினார். நிலத்தோற்றத்தைத் துல்லியமாக வரைவது புவியியலாளருக்கு வேலைக்கும் உதவிய கலை.

அரசுப் பணி முடிந்தபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்குப் புவியியல் பணி செய்த ஃபூட், பிறகு ஏற்காட்டில் தங்கினார். நாற்பது ஆண்டுகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து சேர்த்த பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. எழுபது வயதைக் கடந்த நிலையில் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதும் பெரும்பணியில் அவர் இறங்கினார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டின் திரித்துவ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பட்டியல் 1914-இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-இலும் வெளிவந்தன. அவர் அவற்றை அச்சில் பார்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஃபூட்டோடு ஒரே துறையில் இருந்த அரியலூர்ப் படிவ அறிஞர்களும் இதே குணத்தவர்கள். அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவர் மனம் மெல்ல வானிலைக்குத் திரும்பியது. 1864-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலை ஆராய்ந்தார். 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலைப் பனியின் அளவுக்கும் அடுத்த பருவமழைக்கும் உள்ள தொடர்பை 1884-இல் எடுத்துரைத்தார். அம்மோனைட் பார்த்தவர் மழையைக் கணிக்கப் போனார்; வானம் பார்த்த கொங்குச் சீமையின் உழவருக்கு அதைவிட நெருக்கமான துறை வேறில்லை. தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்களை விரிவான நூல் தொகுதிகளில் வரைந்து விளக்கிய ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா, பறவை, ஊர்வன, நத்தை ஆகியவற்றிலும் தேர்ந்தவர். யார்க்கண்டு தூதுக்குழுவோடு சென்று திரும்பும் வழியில் 1874-இல் லடாக்கின் உயரத்தில் 36 வயதில் உயிர்விட்டார்.

கோயம்புத்தூரில் இத்தகைய சேகரிப்பு ஆர்வம் நிலையான கட்டடம் பெற்றது வனத்துறையினரால். வனப் பாதுகாவலர் எச்.ஏ. காஸ் சேர்த்த பொருள்களைக் கொண்டு காஸ் வன அருங்காட்சியகம் 1902 ஏப்ரல் 15-இல் திறக்கப்பட்டது. மரவகைகளே அதன் பெருமை. அவற்றோடு விலங்குகளும் பூச்சிகளும் பாறைகளும் இடம்பெற்றன. அதைக் கவனித்துக்கொண்ட சி.இ.சி. ஃபிஷர், ஆனைமலைத் தாவரங்களின் ஆய்வை 1921-இல் வெளியிட்டார். தாவரவியலாளர் கேம்பிளின் இறப்பால் நின்றுபோன சென்னை மாகாணத் தாவர நூலை முடித்துக் கொடுத்தவரும் அவரே.

காசு சேகரிப்பு கொங்குக்கு இன்னும் நெருக்கம். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என இங்கே கிடைத்த ரோமானியக் காசுப் புதையல்கள் நாணயவியலாளர்களை இழுத்தன. படிவத்துக்கும் காசுக்கும் உள்ள உறவுக்குச் சிறந்த இந்தியச் சான்று பீர்பல் சாஹ்னி. தாவரப் படிவங்களில் உலகப்புகழ் பெற்ற இவர், ரோத்தக் அருகே கோக்ராகோட் மேட்டில் கிடைத்த சுடுமண் காசு அச்சுகளை ஆராய்ந்து, பண்டை இந்தியாவில் காசு வார்த்த முறையைப் பற்றி 1945-இல் தனிநூல் எழுதினார். இந்திய நாணயவியல் கழகம் அதற்காகப் பதக்கம் அளித்தது. அச்சில் பதிந்த வடிவத்திலிருந்து மறைந்த பொருளை மீட்டறிவது இரண்டு துறைக்கும் பொதுவான திறம்.

இவர்கள் ஓய்வில் தொட்டவற்றைப் பின்வந்தோர் முழுநேரப் பணியாக்கினார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்தபோது, பெரில், நீலம், சூதுபவளம், பளிங்கு ஆகியவை மூலக்கல்லாகவும் பாதி முடிந்த மணியாகவும் முழு மணியாகவும் கிடைத்தன. நியூபோல்டு எழுதிய படியூர் அங்கிருந்து தொலைவில் இல்லை. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்து, ஃபூட் கண்ட கருவிகளின் தொன்மை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அரியலூர்ப் பாறைகளில் டைனோசர் முட்டைக் கூடுகளை 2009-இல் அறிவித்தனர். சேர்வராயன் மலையில் சேகரித்த கற்கோடரிகள் எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்தின் ஃபூட் தொகுப்பில் ஊர்ப்பெயரோடு இருக்கின்றன. கொங்கின் புதிய கற்காலத்தை ஆராய்வோர் இன்றும் அந்த 1914, 1916 நூல்களிலிருந்தே தொடங்குகிறார்கள்.