வீட்டுக்குள் விடிந்த காலை

கொரோனா ஊரடங்கு முடிந்தும் முடியாமலும் இருந்த காலத்தில், நம்பிக்கை என்ற ஒன்றைப் பற்றியே பேச வேண்டும் என்று தமிழில் இரண்டு குறும்படத் தொகுப்புகள் வந்தன. முதலாவது, 2020 அக்டோபர் 16 அன்று அமேசான் பிரைமில் வெளியான 'புத்தம் புது காலை'. தமிழகத்தில் திரையரங்குகள் அப்போது திறக்கப்படவில்லை. நவம்பர் 10 அன்றுதான் பாதி இருக்கைகளோடு திறந்தன. இரண்டாவது, 2022 ஜனவரி 14, பொங்கலன்று வந்த 'புத்தம் புது காலை விடியாதா'. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் முழு ஊரடங்குதான். ஒவ்வொன்றிலும் ஐந்து கதைகள், ஐந்து இயக்குநர்கள். இரண்டையும் நான் பார்த்தது தூத்துக்குடியில் இருந்துகொண்டு. அதனால் இந்த ஒப்பீட்டில் படங்களோடு இந்த ஊரும் வந்துகொண்டேயிருக்கும். அதைத் தவிர்க்க எனக்கு விருப்பமில்லை.

முதல் தொகுப்பில் கதைகள் ஐந்தானாலும் பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்றுதான். வெளியே கதவு மூடுகிறது. உள்ளே மனம் திறக்கிறது. சுதா கொங்கராவின் 'இளமை இதோ இதோ'வில் துணையை இழந்த இருவர், பிள்ளைகளுக்குத் தெரியாமல் சந்திக்கும் நாளில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். காதல் பொங்கும்போது காளிதாஸ், கல்யாணி பிரியதர்ஷன் முகங்கள். வயது நினைவுக்கு வரும்போது ஜெயராம், ஊர்வசி முகங்கள். கௌதம் மேனனின் 'அவரும் நானும்/அவளும் நானும்' கதையில், வெகுகாலம் ஒட்டாமல் இருந்த தாத்தாவுக்குத் துணையாகப் பேத்தி வந்து தங்குகிறாள். ராஜீவ் மேனனின் 'ரீயூனியன்' பள்ளித் தோழியை ஒரு மருத்துவரின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கார்த்திக் சுப்பராஜின் 'மிராக்கிள்' மட்டும் பசியோடு அலையும் இரண்டு திருடர்களைப் பின்தொடர்ந்து வெளியே போகிறது.

இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது சுஹாசினியின் 'காஃபி, எனிஒன்?'. நினைவிழந்து கிடக்கும் மனைவியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக நிற்கும் கணவர், அவரிடம் வந்து சேரும் மகள்கள். கட்டிலில் கிடக்கும் தாயாக நடித்தவர் சுஹாசினியின் சொந்தத் தாய் கோமளம் சாருஹாசன். மகள்களாக சுஹாசினி, அனுஹாசன், ஸ்ருதி ஹாசன். கணவராகக் காத்தாடி ராமமூர்த்தி. ஒரு குடும்பத்தார் தங்களில் ஒருவரின் சொந்த அம்மாவின் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, நடிப்புக்கும் உண்மைக்கும் நடுவில் இருக்கும் கோடு சில இடங்களில் அழிந்துவிடுகிறது. பல ஆண்டுச் சண்டைகளை அந்தக் கட்டிலருகே நின்று பேசித் தீர்க்கும் காட்சியில் பொய் இல்லை. ஊரடங்குக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் அது.

ஆனால் இந்த வீடுகளெல்லாம் எப்படிப்பட்டவை? நோயாளிக்குத் தனி அறை உண்டு. தோட்டம் உண்டு, மாடி உண்டு, சமையலறையில் சாமான் உண்டு. நாலு வாரம் வெளியே போகாவிட்டால் உறவு மலரும், உலை அணையாது. தூத்துக்குடியில், ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 வேறு மாதிரி விடிந்தது. உப்பளத்துக்கு அதுதான் வெயில் ஏறி உப்பு விளையும் பருவம். கூலிக்கு இறங்குகிறவர்கள் அந்த வெயில் மாதங்களில் சம்பாதிப்பதை வைத்தே மழை மாதங்களைத் தாண்டுகிறார்கள். கடலிலோ ஊரடங்கின் தொடர்ச்சியாகவே ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் தடையை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்து மே 31 அன்று முடித்தார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களின் நிலை அந்தளவுக்கு முற்றியிருந்தது. வ.உ.சிதம்பரனார் துறைமுகமோ ஒரு நாளும் மூடவில்லை. அத்தியாவசியப் பணி என்பதால் கப்பல்கள் வந்தன, சரக்கு இறங்கியது, ஆட்கள் போனார்கள். 'வீட்டில் இரு' என்ற கட்டளை இந்தக் கரையில் பாதிப் பேருக்கு முடியாத காரியம். மீதிப் பேருக்குப் பட்டினி.

'ரீயூனியன்' என்ற தலைப்பை இங்கிருந்து பார்க்கும்போது எனக்கு நினைவு வருவது ஐ.என்.எஸ். ஜலஷ்வா. கடற்படையின் 'சமுத்திர சேது' மீட்பு நடவடிக்கையில் அந்தக் கப்பல் 2020 ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து 685 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. சில நாளில் மாலத்தீவிலிருந்து 700 பேர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர். கடைசியாக வந்தவர்களில் பலர் ஈரானியப் படகுகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போயிருந்த தமிழக மீனவர்கள். மாதக்கணக்கில் சம்பளமும் போக வழியும் இல்லாமல் அங்கேயே முடங்கியிருந்தவர்கள். கொழும்புக்கும் மாலேவுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தோணி ஓட்டிய ஊருக்குத்தான் அந்தக் கப்பல் வந்து நின்றது. இறங்கியவர்களைத் தொட்டுத் தழுவ வழியில்லை. வெப்பமானி, முகக்கவசம், பேருந்து, பிறகு அவரவர் மாவட்டத்தில் தனிமைப்படுத்தல். ஊர் வந்துவிட்டது, வீடு வரவில்லை. அந்த நிலை முதல் தொகுப்பில் எங்கும் இல்லை. அங்கே வந்து சேர்கிறவர்கள் எல்லாரும் நேராக வரவேற்பறைக்கே வந்துவிடுகிறார்கள்.

இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் படங்கள் சிறிய குழுவை வைத்துக்கொண்டு, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு எடுக்கப்பட்டவை. கிடைத்த வீட்டில், கிடைத்த ஆட்களை வைத்து எடுக்கும் கதை வீட்டுக்குள்தான் நடக்கும். 2020 ஜூன் மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஹோம்மேட்' தொகுப்பில் உலகின் பல நாட்டு இயக்குநர்கள் தங்கள் வீட்டிலிருந்தே 17 குறும்படங்கள் எடுத்தார்கள். ஆக, வீடு என்பது அன்று எல்லாருக்கும் கட்டாயக் களம். நான் வருந்துவது களத்தைப் பற்றி அல்ல. நோயும் இறப்பும் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டதாக அந்த முதல் தொகுப்பு நம்பியதைப் பற்றித்தான்.

திரும்பிப் போகவில்லை. 2021 மே மாதம் தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்களுக்குள்ளேயே மூச்சுக்குத் தவித்த காலம் அது. அதைத் தாண்டி வந்தவர்கள் எடுத்தது இரண்டாம் தொகுப்பு. அந்த வேறுபாடு அதன் முகத்திலேயே தெரிகிறது. ஹலிதா ஷமீமின் 'லோனர்ஸ்' கதையில் லிஜோமோலும் அர்ஜுன் தாஸும் இணையத்தில்தான் சந்திக்கிறார்கள். அவன் நண்பனை இழந்தவன். ரிச்சர்ட் ஆண்டனியின் 'நிழல் தரும் இதம்' தந்தை இறந்த செய்தியோடு தொடங்குகிறது. விலகிப் போயிருந்த மகள் அந்த வெறும் வீட்டுக்குப் போகிறாள். முதல் தொகுப்பில் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்க நேரம் இருந்தது. இங்கே கேட்க ஆள் இல்லை. சூர்யா கிருஷ்ணாவின் 'தி மாஸ்க்' தன் காதலை வீட்டாரிடம் மறைத்து வாழும் ஓர் இளைஞனைப் பற்றியது. நோய்க்கும் அந்தக் கதைக்கும் உறவு மெலிது என்பதால் இங்கே அதிகம் நிற்கவில்லை.

மதுமிதாவின் 'மௌனமே பார்வையாய்' இரண்டு தொகுப்புகளின் பத்துக் கதைகளிலும் சிறந்தது என்பது என் எண்ணம். நதியாவும் ஜோஜு ஜார்ஜும் கணவன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் இல்லை. பல ஆண்டாகவே இல்லை. ஊரடங்கு அந்த வீட்டைப் புதிதாக அடைக்கவில்லை, அது முன்பே அடைபட்ட வீடு. அவளுக்கு நோய் அறிகுறி தெரிகிறது. அவள் ஓர் அறைக்குள் போகிறாள். அவன் வெளியே நிற்கிறான். 'இளமை இதோ இதோ' ஜோடி ஊரடங்கால் நெருங்குகிறது. இந்த ஜோடி, இவள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயத்தால் நெருங்குகிறது. முதல் கதையின் நம்பிக்கை ஓய்வு தந்த வரம். இரண்டாவதன் நம்பிக்கை இழப்பின் விளிம்பில் நின்று பிடுங்கிக்கொண்டது. இரண்டு தொகுப்புகளுக்கும் இடையிலான பதினைந்து மாதம் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

ஆனால் தூத்துக்குடிக்காரரால் எளிதில் தாண்ட முடியாத படம் வேறொன்று. பாலாஜி மோகனின் 'முகக்கவச முத்தம்'. வீட்டை விட்டுச் சாலைக்கு வரும் கதை. ஊரடங்குப் பணியில், சோதனைச் சாவடியில் நிற்கும் ஆண் காவலருக்கும் பெண் காவலருக்கும் காதல். டீஜே, கௌரி கிஷன் இருவரும் இனிமையாக நடித்திருக்கிறார்கள். வெயிலில் நின்று, நோய்க்கு அஞ்சி, திட்டும் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த காவலர்களுக்கு ஒரு காதல் கதை எழுதப்பட்டதில் தவறில்லை. அவர்களிலும் நோய்வாய்ப்பட்டு இறந்தவர்கள் உண்டு.

என்றாலும் சாத்தான்குளம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். இரவு முழுக்க அடி. பிறகு கோவில்பட்டிக் கிளைச் சிறை. ஜூன் 22 அன்று மகன் இறந்தார்; மறுநாள் விடியுமுன் தந்தை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. ஊரடங்கு விதி என்பது இந்த மாவட்டத்தில் இரண்டு உயிரை விலையாகப் பெற்றது. அது தெரிந்தவர் சோதனைச் சாவடிக் காதலைப் பார்க்கும்போது லத்தி கண்ணில் படாமல் இருக்காது.

படம் எடுத்தவர்கள் சாத்தான்குளத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்பிக்கைக் கதை தேடியவர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு கதை இருந்தது என்கிறேன். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் படிந்திருந்த இரத்தத்தையும் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார், கையெழுத்துப் போடத் தயங்கி, பிறகு போட்டார். வேலை, குடும்பம், நாளை இதே ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டிய நிலை, எல்லாம் அவருக்கு முன்னால் இருந்தன. ஊரடங்குக் காலத் தமிழகத்தில் இதைவிடத் துணிவான ஒரு சீருடைக் கதை எனக்குத் தெரியாது. திரையில் வந்த பெண் காவலரைப் பார்க்கும்போது திரைக்கு வராத அந்தக் கதைதான் என் மனத்தில் ஓடியது.

இன்னொன்றும் உண்டு. 2018 மே 22, 23 நாட்களில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சில நாளில் அரசு ஆலையை மூடி முத்திரையிட்டது. மூன்று ஆண்டு கழித்து, இரண்டாம் அலையில் நாடே ஆக்சிஜனுக்குக் கையேந்தியபோது, 2021 ஏப்ரல் 26 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் அந்த ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்கலாம் என்று முடிவெடுத்தது. மறுநாள் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. மே மாதம் உற்பத்தி தொடங்கியது. காற்று கெட்டுப்போகிறது என்று சொல்லிப் போராடி, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். அதே ஆலையின் வாசலிலிருந்து நோயாளிகளுக்கு மூச்சுக்காற்று டேங்கரில் புறப்பட்டுப் போகிறது. ஏற்பதா, எதிர்ப்பதா? ஊருக்குள் இரண்டு பக்கமும் அழுகை இருந்தது. வார்டில் படுத்திருக்கும் ஒரு தகப்பனையும், 2018இல் பறிபோன ஒரு மகனையும் ஒரே தாயின் வீட்டில் வைத்துப் பாருங்கள். 'மௌனமே பார்வையாய்' எடுத்த கைகளால் அதை எடுத்திருக்க முடியும்.

இப்படிப்பட்ட கதைகளை ஓடிடியில் யார் விடுவார்கள் என்று கேட்கலாம். விட்டார்கள். அமேசான் பிரைமே இந்தியில் வெளியிட்ட 'அன்பாஸ்ட்' தொகுப்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020 டிசம்பர் தொகுப்பில் அவினாஷ் அருணின் 'விஷாணு', ஊர் திரும்ப வழியில்லாத கட்டடத் தொழிலாளிக் குடும்பம் ஒன்றை, விற்பனைக்காக அலங்கரித்து வைத்த மாதிரி அடுக்ககத்துக்குள் ஒளிந்து வாழ வைத்தது. தங்களுக்கு ஒருபோதும் சொந்தமாகாத வீட்டில் அவர்கள் ஊரடங்கைக் கழிக்கிறார்கள். 2022 ஜனவரியில், நம் இரண்டாம் தொகுப்புக்கு ஒரு வாரம் கழித்து, நாகராஜ் மஞ்சுளே எடுத்த 'வைகுந்த்' வந்தது. சுடுகாட்டில் பிணம் எரிக்கும் ஒருவர், அவர் மகன், மருத்துவமனைக்குப் போன சொந்தத் தகப்பன். பிறர் வீட்டு இறப்புகளை எரித்துக்கொண்டே தன் வீட்டு வாழ்வுக்குக் காத்திருக்கும் மனிதர். அந்தப் படம் முடியும்போது கிடைக்கும் நம்பிக்கை நம் பத்துக் கதைகளில் எதிலும் இல்லாத எடை கொண்டது. காரணம் எளிது: மஞ்சுளே வேலையைக் காட்டினார். ஊரடங்கிலும் நிற்க முடியாத வேலை, அதைச் செய்யும் கை, அதன் சூடு.

நம் இரண்டு தொகுப்புகளிலும் மனிதர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது மிகக் குறைவு. முதல் தொகுப்பின் மருத்துவர்கூட நமக்கு வீட்டு மனிதராகவே மனத்தில் நிற்கிறார். இரண்டாவதில் காவலர் இருவர். மற்ற எல்லாரும் உணர்ச்சியே முழுநேரப் பணியாக இருப்பவர்கள். தூத்துக்குடியின் திரேஸ்புரம் மீனவர் குடியிருப்பிலோ, முத்தையாபுரம் உப்பளத்திலோ ஒருவரை வைத்துக் கதை எழுதியிருந்தால் வேலை தானாகவே உள்ளே வந்திருக்கும். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோன கடலில், சங்கு குளித்துப் பிழைக்கும் ஒருவரை எழுதினாலும் அப்படித்தான். அவர் படகை இறக்காமல் கதையை அடுத்த காட்சிக்கு நகர்த்த முடியாது. 2020 ஜூலைக் கடைசியில் தொடங்கிய பனிமய மாதா கோவில் திருவிழா பக்தர்கள் இல்லாமல் நடந்தது. கொடியேற்றத்தைக் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு, மறுநாள் கடலுக்குப் போக டீசல் காசு எண்ணும் குடும்பம் ஒன்றின் இரவு, ஒரு குறும்படத்துக்கு அளவான கதை.

என் தீர்ப்பு இது. படமாக்கிய நேர்த்தியில் முதல் தொகுப்பு மேல். நடிகர்கள் பெரியவர்கள், பாடல்கள் இனிமை, வீடுகள் அழகு. உண்மையில் இரண்டாவது மேல். இறந்தவர்களுக்கு அதில் இடம் உண்டு. ஒருவர் ஒரு மாலை மட்டும் செலவழிக்கத் தயார் என்றால் 'காஃபி, எனிஒன்?', 'மௌனமே பார்வையாய்', பிறகு 'வைகுந்த்' என்ற வரிசையில் பார்க்கச் சொல்வேன். கட்டில், மூடிய அறைக்கதவு, சுடுகாடு என்று அது போகும். அதற்கடுத்த நாலாவது படத்தை, ஜலஷ்வா வந்து நின்ற கப்பல்துறையையோ சாத்தான்குளத்துச் சாட்சியையோ பற்றி, இந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் எடுக்க வேண்டும். நினைவு இன்னும் ஆறவில்லை, சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.