கத்திக்கு முன் கதகதப்பு

அறுவை அரங்கில் நோயாளி குளிர்ந்துபோவதற்கு ஏசியைக் குறை சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி மயக்க மருந்தின் வேலை.

விழித்திருக்கும் உடல் தன் வெப்பத்தை மூளை, இதயம், குடல் ஆகியவற்றில் சேமித்து வைக்கிறது. கை கால்கள் அதைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிர்ந்திருக்கும். தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி இந்த ஏற்பாட்டைக் காக்கின்றன. மயக்க மருந்து ஏறியதும் குழாய்கள் விரிகின்றன. நடுவுடலின் சூடான ரத்தம் கை கால்களுக்குப் பாய, முதல் ஒரு மணி நேரத்திலேயே மைய வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுகிறது. வயிற்றில் பூசிய கிருமிநாசினி ஆவியாகும்போதும், அறை வெப்பத்தில் தொங்கும் டிரிப்ஸ் நரம்பில் இறங்கும்போதும் இழப்பு கூடுகிறது. அப்படி ஒரு லிட்டர் ஏறினாலே சுமார் கால் டிகிரி போய்விடும்.

இதன் விலை என்ன? ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அறுவைக்கு உள்ளான 200 பேர் இடம்பெற்றனர். சராசரி 34.7 டிகிரிக்கு இறங்கியவர்களில் 19 விழுக்காட்டினருக்குக் காயத்தில் சீழ்த்தொற்று வந்தது, 36.6 டிகிரியில் காக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கே வந்தது. மயக்கத்தில் விரிந்த ரத்தக்குழாய்களும் குளிர் முற்றியதும் மறுபடி சுருங்குவதால் காயத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லும் திறனும் குறைகிறது.

எனினும் 2022இல் வெளியான புரொடெக்ட் ஆய்வு இந்தக் கணக்கை மறுபடி எழுத வைத்தது. சீனாவிலும் அமெரிக்காவிலும் 5,056 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், 37 டிகிரியை இலக்காகக் கொண்ட குழுவுக்கும் 35.5 டிகிரியை இலக்காகக் கொண்ட குழுவுக்கும் இதயப் பாதிப்பிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தொற்றிலும் அப்படியே.

இதைக் காட்டி, போர்த்துவதே வீண் என்று வாதிடுவது தவறு. அந்த ஆய்வு 35.5 டிகிரியைத்தான் சோதித்தது, 34.7ஐ அல்ல. கவனிப்பாரற்று விடப்படும் நோயாளி 35.5 டிகிரியில் தானாக நின்றுவிடுவதில்லை.

ஆகவே கேள்வி, எத்தனை டிகிரி என்பதைவிட, சூடேற்றுவதை எப்போது தொடங்குவது என்பதே. மயக்கம் கொடுத்த பின் தோலைச் சூடாக்கினால், உள்ளே நடக்கும் வெப்பப் பெயர்ச்சியை உடனே தடுக்க முடியாது. முன்கூட்டியே கை கால்களைச் சூடேற்றிவிட்டால் ரத்தம் பறிகொடுக்கும் வெப்பம் குறைவு. மார்பகம், குடலிறக்கம், சுருள்சிரை போன்ற அறுவைகளுக்கு முன் அரை மணி நேரமாவது சூடேற்றிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று (2001) இதற்குச் சான்று: 421 பேரில், சூடேற்றப்படாதவர்களிடையே 14 விழுக்காடாக இருந்த தொற்று, சூடேற்றப்பட்டவர்களிடையே 5 விழுக்காடாக இருந்தது.

அவசரம் இல்லாத நிலையில் 36 டிகிரிக்குக் கீழிருப்பவருக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது. அறுவையின்போது அரை மணிக்கு ஒருமுறை வெப்பம் பார்க்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல். வெப்பக்காற்றுப் போர்வை இல்லாத மருத்துவமனைகூடத் தெர்மாமீட்டரையும், காத்திருப்போருக்கு ஒரு கம்பளியையும், சூடேற்றிய டிரிப்ஸையும் தர முடியும். வெப்பநிலைக் குறிப்பு இல்லாத மயக்கப் பதிவேட்டை முழுமையானதாக ஏற்கக் கூடாது.