தொடை எலும்பு முறிவும் காலத்தின் அருமையும்

கெடாவில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் முன்பு ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தால், முதலில் வந்து பார்ப்பவர் தோட்டத்து டிரசர். மரப்பலகை வைத்துக் கட்டி, நகரத்து மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்கே காலில் எடை தொங்கவிட்டு, வாரக்கணக்கில் மல்லாந்து படுக்க வைப்பார்கள். வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருந்த குடும்பத்திற்கு அந்த வாரங்கள் எத்துணை நீண்டவை!

இம்முறிவை நிலைப்படுத்தும் வளையப் பட்டையை அமைத்தவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1891இல் அவர் மறைந்த பின்னர், முதல் உலகப் போரில்தான் அப்பட்டையின் அருமையை உலகம் உணர்ந்தது.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற மருத்துவர் எலும்பின் மஜ்ஜைக் குழலுக்குள்ளேயே நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தினார். போர்க்கைதிகளாயிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் எக்ஸ்ரே படத்தில் அக்கம்பியைக் கண்டு அந்நாட்டு மருத்துவர்கள் வியந்தனர்.

கம்பி கிடைத்தது, எப்போது செலுத்துவது? பலத்த காயமடைந்தவர் அறுவையைத் தாங்கமாட்டார், சில நாள் தேறட்டும் என்றே பலரும் கருதினர். ஆனால் முறிந்த எலும்பு அசையும்போதெல்லாம் வலியும் இரத்தக் கசிவும் மிகும். மஜ்ஜையிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். அசையாது கிடப்பவருக்குச் சளியும் கட்டும். 1989இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 178 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. பல காயங்களுடன் வந்தவர்களில், 24 மணி நேரத்திற்குள் அறுவை பெற்றவர்களைவிட, 48 மணி நேரத்திற்குப் பின் பெற்றவர்களுக்கே நுரையீரல் தொல்லைகள் அதிகம் எனத் தெரிந்தது.

ஆயினும் விரைவு எல்லோருக்கும் ஒன்றல்ல. உயிர் ஊசலாடும் நிலையில் உள்ளவருக்கு முதலில் வெளிச்சட்டம் பொருத்தி, உடல் தேறிய பிறகே கம்பி செலுத்துவதும் பின்னர் வழக்கமாயிற்று.

இன்று மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தொடை முறிந்தவரை உருவிவிடவோ எழுப்பி நிறுத்தவோ வேண்டாம். காலை அசையாமல் கட்டி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். லயத்து வாசலில் நாம் வீணாக்கும் மணி நேரத்தை எந்த மருத்துவராலும் திருப்பித் தர இயலாது.